கன்னம் அறுபடும் முகம்: திருப்பதி கங்கம்மாவும் செப்பமின்மை தரும் அச்சமும்

திருப்பதி என்றதும் மலைமேல் உள்ள கோயிலே நினைவுக்கு வரும். மலையடிவார நகரத்துக்கு இன்னொரு தெய்வமும் உண்டு. அவள் தாத்தய்யகுண்ட கங்கம்மா. ஆண்டுதோறும் மே மாத வெயிலில் ஒரு வாரம் அவளுக்கு ஜாத்திரை நடக்கிறது. அதன் கடைசி இரவில் கோயிலின் முன்னே ஈரமண்ணால் அவளுடைய பேருருவ முகம் எழுப்பப்படுகிறது. விசுவரூபம் என்று ஊரார் அதைச் சொல்கின்றனர். பொழுது புலரும் வேளையில், பெண் வேடம் பூண்ட கைகால குடும்பத்து ஆண் ஒருவர் அந்த முகத்தின் கன்னத்தை அறுக்கிறார். தெலுங்கில் இச்சடங்குக்குச் 'செம்ப நருகுட' என்று பெயர். கன்னம் அறுபட்டதும் முகம் சிதைகிறது. காத்திருந்த கூட்டம் பாய்ந்து மண்ணை அள்ளிக்கொள்கிறது. ஒரு பிடி மண் வீட்டுக்கு வந்தால் நோய் தீரும், பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை.

சிற்பக் கலையின் அளவுகோலால் பார்த்தால் அந்த முகத்தில் போற்றத்தக்கது எதுவும் இல்லை. தாளமானக் கணக்கோ மெருகோ அதில் இல்லை. சில மணி நேரத்துக்கு மேல் அது நிலைப்பதும் இல்லை. ஆயினும் மெருகேறிய எந்தச் சிலையும் தராத நடுக்கத்தை அது தருகிறது. இது ஏன் என்ற வினா சமய வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. குறைந்த செலவில், சிறு குழுக்கள் உருவாக்கும் 'இண்டி' திகில் விளையாட்டுகளைப் பற்றியும் இன்று இதே வினா எழுப்பப்படுகிறது. கரடுமுரடான உருவமும் நடுங்கும் கோடுகளும் கொண்ட விளையாட்டு, பெருநிறுவனத்தின் பளபளப்பான விளையாட்டைவிட அதிகமாக அச்சுறுத்துவது எப்படி? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், செப்பமின்மை எவ்வாறு அச்சமாகிறது என்பது ஓரளவு துலங்கும்.

1. திறமைக் குறைவா?

எளிதாகத் தோன்றும் விடை ஒன்று உண்டு. கிராமத் தெய்வத்தின் உருவம் கரடுமுரடாக இருப்பதற்குக் காரணம் செய்தவர்களுக்கு அதற்குமேல் செய்யத் தெரியாததே என்பது அது. சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் 1916 இல் தென்னிந்தியக் கிராமத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். செதுக்கப்படாத கற்கள், விழாவுக்கென்றே செய்து பின்னர் விடப்படும் மண்ணுருவங்கள் ஆகியவற்றை அவர் கவனமாகப் பதிவு செய்தார். ஆனால் அவற்றைப் பண்படாத வழிபாட்டின் அடையாளமாகவே கண்டார். அக்காலத்து ஆவணங்கள் பலவற்றிலும் இதே பார்வை உண்டு.

திருப்பதிச் சூழலில் இந்த விடை நிற்காது. நகரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத குடிமல்லத்தில், கிறித்து பிறப்பதற்கு முன்னரே செதுக்கப்பட்டதாக அறிஞர் பலர் கருதும் சிவலிங்கம் இருக்கிறது. அதன் முகப்பில் நிற்கும் உருவத்தின் தசை வளைவுகளையும் ஆடையின் மென்மையையும் கண்டவர்கள், இவ்வட்டாரத்தில் கைத்திறன் இல்லையென்று சொல்லமாட்டார்கள். திருக்காளத்தியில் எழுதுகோலால் துணிமேல் நுண்கோடு இழுக்கும் கலம்காரி ஓவியர்கள் வாழ்கின்றனர். மலைமேலுள்ள கோயிலும் கீழேயுள்ள கோவிந்தராசர் கோயிலும் நூற்றாண்டுகளாகச் சிற்பிகளுக்கும் பொற்கொல்லர்களுக்கும் வேலை தந்தவை. செப்பமான உருவம் எதுவென அறிந்த ஊர்தான் ஆண்டுக்கு ஓர் இரவு செப்பமற்ற முகத்தைச் செய்கிறது. ஆகவே அது இயலாமையின் விளைவாக இருக்க முடியாது.

ஒயிட்ஹெட்டின் நூல் வந்த மறு ஆண்டில், 1917 இல், ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ புனிதம் என்னும் உணர்வை ஆராய்ந்து எழுதினார். புனிதத்தின் அடியில் நன்மையும் அழகும் மட்டுமின்றி மனிதரைப் பின்வாங்கச் செய்யும் ஓர் அச்சமும் இருக்கிறது என்பது அவர் வாதம். முதிர்ந்த கலைப்படைப்பைவிடக் கரடான, கொடூரமான உருவமே சில வேளைகளில் அந்த உணர்வை வலுவாக எழுப்புவதையும் அவர் கண்டார். பேராயர் குறையென்று ஒதுக்கியதை இறையியலாளர் ஆற்றல் என்று வாசித்தார். அந்த ஆற்றல் எவ்வாறு வேலை செய்கிறது என்ற கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

2. மூடுபனியின் பாடம்

அந்த வேலையைப் பிரித்துப் பார்க்க எதிர்பாராத இடத்திலிருந்து உதவி கிடைக்கிறது. 1999 இல் ஜப்பானின் கோனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் கருவிக்கென 'சைலண்ட் ஹில்' என்னும் திகில் விளையாட்டை வெளியிட்டது. தொலைவிலுள்ள தெருக்களையும் வீடுகளையும் ஒரே நேரத்தில் வரைந்து காட்டும் வலிமை அக்கருவிக்கு இல்லை. அக்குறையை மறைக்க ஊர் முழுவதும் மூடுபனி கவிக்கப்பட்டது. பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாத நிலை அந்த விளையாட்டின் உயிராகவே ஆயிற்று. 2001 இல் வந்த அதன் இரண்டாம் பாகம், 2012 இல் உயர்தெளிவுப் பதிப்பாக மீண்டும் வெளியானது. அப்பதிப்பில் பனி மெலிந்திருந்தது. அதுவரை மறைந்திருந்த நிலப்பரப்பின் முடிவுறாத விளிம்புகள் வெளியே தெரிந்தன. ஆட்டக்காரர்கள் கடுமையாகக் குறைகூறினர். படம் தெளிந்தபோது பயம் கலைந்தது.

அந்தப் பழைய கருவிக்கு வேறு குறைகளும் இருந்தன. உருவங்களின் முனைகளை அதனால் துல்லியமான இடத்தில் நிறுத்த முடியாது. எனவே சுவர்களும் முகங்களும் சன்னமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். உருவங்களின் மேல் ஒட்டப்பட்ட படங்கள், பார்க்கும் கோணம் மாறும்போது வளைந்து நெளியும். இக்குறைகள் எவையும் இன்றைய கணினிகளுக்கு இல்லை. ஆயினும் சிறு படைப்பாளர்கள் அவற்றை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவருகின்றனர். 2020 இல் வெளியான 'ஹாண்டட் பிஎஸ்1' மாதிரித் தொகுப்பு இப்போக்கைப் பலரும் அறியச் செய்தது.

செலவுச் சுருக்கமே உத்தியாக மாறிய படைப்புகளும் உண்டு. 2012 இல் இலவசமாக வெளியான 'ஸ்லெண்டர்' விளையாட்டில் ஓர் இருண்ட காடு, ஒரு கைவிளக்கு, தேடி எடுக்க எட்டுத் தாள்கள், பின்தொடரும் நெடிய உருவம் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. அந்த உருவத்துக்கு முகமே கிடையாது. 2022 இல் டேவிட் ஷிமான்ஸ்கி உருவாக்கிய 'அயர்ன் லங்' விளையாட்டில், சன்னல் இல்லாத சிறு நீர்மூழ்கிக்குள் ஆட்டக்காரர் அடைபட்டிருக்கிறார். வெளியே இருப்பதைக் காண அவருக்குள்ள ஒரே வழி, புள்ளி புள்ளியாகத் தெரியும் அசையாத புகைப்படம். காட்டப்படாத கடல் முழுவதையும் ஆட்டக்காரரின் மனமே வரைந்துகொள்கிறது.

தெளிவின்மை கற்பனையைத் தூண்டுகிறது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது சரியே, ஆனால் போதாது. கங்கம்மாவின் மண்முகம் பனியில் மறைந்திருக்கவில்லை; அத்தனை பேர் கண்முன்னே நிற்கிறது. மறைவே இல்லாத இடத்திலும் செப்பமின்மை அச்சம் தருகிறதென்றால், வேறு காரணமும் இருக்க வேண்டும்.

3. உறுதிமொழி இல்லாத உருவம்

1970 இல் ஜப்பானிய எந்திரவியல் அறிஞர் மசாஹிரோ மோரி புகழ்பெற்ற கருத்து ஒன்றை முன்வைத்தார். எந்திர உருவம் மனிதரை ஒத்துவர ஒத்துவர நமக்கு அதன்மேல் இணக்கம் கூடுகிறது. ஆனால் முழு ஒப்புமைக்குச் சற்று முன்னர் அந்த இணக்கம் திடீரென வீழ்ந்து அருவருப்பாகிறது. ஏறத்தாழ மனிதராக இருப்பது, மனிதராகவே இல்லாததைவிட அதிகமாகக் கலங்கச் செய்கிறது.

இக்கருத்தின்படி, மனித ஒப்புமை குறைந்த கரட்டு உருவங்கள் நம்மைக் கலங்கச் செய்யக் கூடாது. விளையாட்டின் கட்டைமுக மனிதர்களும் திருப்பதியின் மண்முகமும் அந்தச் சரிவிலிருந்து வெகு தொலைவில் உள்ளன. ஆயினும் அவை கலங்கச் செய்கின்றன. ஆகவே ஒப்புமையின் அளவை மட்டும் கொண்டு இவ்வச்சத்தை விளக்க முடியாது.

செப்பம் என்பது ஓர் உறுதிமொழி என்று கொண்டால் இந்த முடிச்சு அவிழ்கிறது. ஆகம முறைப்படி நிறுவப்பட்ட திருமேனிக்குப் பின்னால் அளவு நூல்கள், சிற்பியின் மரபு, கண் திறக்கும் சடங்கு, நாள்தோறும் பள்ளியெழுச்சி முதல் பள்ளியறை வரை வகுத்த நேரம் என எல்லாம் இருக்கின்றன. அந்தத் தெய்வம் எப்போது விழிக்கும், எதை உண்ணும், யாருக்கு எவ்வளவு அருகில் இருக்கும் என்பது அனைவருக்கும் தெரியும். மெருகு அந்த ஒழுங்கின் கண்காணும் சான்று. பெருநிறுவன விளையாட்டின் மெருகும் அத்தகையதே. ஒவ்வொரு காட்சியையும் பலர் சோதித்திருக்கின்றனர், எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன, எதிர்பாராதது எதுவும் நேராது என்று அது சொல்லாமல் சொல்கிறது. பயமுறுத்தும் காட்சி வந்தாலும் ஆட்டக்காரர் உள்ளூரப் பாதுகாப்பாகவே இருக்கிறார்.

நடுங்கும் சுவரும் அவசரத்தில் பிடித்த மண்முகமும் அந்த உறுதிமொழியைத் தருவதில்லை. இதைச் செய்தவர் யார், எந்த விதிக்குக் கட்டுப்பட்டுச் செய்தார், இது எங்கே நிற்கும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. உருவத்தின் குறை, அதைக் காக்கும் ஒழுங்கின் குறையாகத் தோன்றுகிறது. செப்பமின்மை தரும் அச்சத்துக்கு இதுவே அடிப்படை.

4. கரி, குங்குமம், சுண்ணாம்பு

ஜாத்திரையின் மற்ற நாள்கள் இதை இன்னும் விளக்குகின்றன. ஊர்க்கதையின்படி, பெண்களைச் சூறையாடிய பாளேகாடு என்னும் பாளையத் தலைவன் அவிலாலாவில் வளர்ந்த கங்கம்மாவையும் தொட முனைந்தான். அவள் தன் உக்கிர வடிவத்தைக் காட்டியதும் அஞ்சி ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் பல வேடங்களில் தெருத்தெருவாக அலைந்தாள். தொர, அதாவது துரை வேடத்தில் வந்தபோது, தன் மேலாளன் வந்திருக்கிறான் என்று எண்ணி அவன் வெளியே வந்தான். அவள் அவன் தலையைக் கொய்தாள்.

அந்தத் தேடலைக் கைகால குடும்பத்து ஆண்கள் ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகின்றனர்; ஊராரும் அதே வேடங்களைப் புனைகின்றனர். பைராகி வேடத்துக்கு உடலெங்கும் நாமக்கட்டியின் வெண்மை, பண்ட வேடத்துக்குக் குங்குமம், தோட்டி வேடத்துக்குக் கரிப்பொடியும் வேப்பிலையும், தொர வேடத்துக்குச் சந்தனம். அடுத்து மாதங்கி. அதற்கடுத்த சுண்ணப்புக் குண்டலு வேடத்தில் உடலில் சுண்ணாம்புப் புள்ளிகள், தலையில் மண்பானை. இவற்றில் ஒன்றுகூடக் கதகளியின் ஒப்பனைபோல மணிக்கணக்கில் தீட்டப்படுவதில்லை. எல்லாம் அடுக்களையிலும் பூசையறையிலும் கிடைக்கும் பொருள்கள். நேற்று கடையில் உட்கார்ந்திருந்தவர் இன்று கரி பூசித் தெருவில் வருகிறார். வேடத்துக்குள் இருக்கும் மனிதர் முழுவதும் மறைவதில்லை; முழுவதும் தெரிவதுமில்லை.

பண்ட வேடத்தன்று வசைச்சொற்கள் தாராளமாகப் பறக்கும், சிரிப்பும் உண்டு. செப்பமற்ற உருவம் எந்நேரமும் நகைப்புக்கு அருகிலேயே நிற்கிறது. திகில் விளையாட்டுகளிலும் இதே நிலைதான். நடுங்கும் முகம் அஞ்ச வைக்கிறது. அதே முகம் கதவுக்குள் சிக்கிக்கொண்டு துடித்தால் ஆட்டக்காரர் சிரித்துவிடுகிறார். எனவே கரடாக இருப்பதெல்லாம் அச்சம் தரும் என்று கொள்வது பிழை. அந்தக் கரட்டுத்தன்மை அவ்வுலகத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். தோட்டியின் கரி அவ்வேடத்துக்கு உரியது. உருவங்களின் நடுக்கம் அந்த விளையாட்டுலகின் காற்றுக்கு உரியது. அதற்கு உரியதல்லாத பிழை வெறும் பிழையாகவே நிற்கும்.

சித்தூர் வட்டாரத்தின் இன்னொரு மண்ணுருவத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. திரௌபதி வழிபாடும் பாரதக் கூத்தும் இன்றைய மாநில எல்லையின் இருபுறமும் பரவியிருப்பதற்கு அந்தப் பழைய ஒருமையும் ஒரு காரணம். பாரத விழாவின் முடிவில், படுகளத்தில் துரியோதனன் மிகப்பெரிய மண்ணுருவமாகத் தரையில் கிடத்தப்படுகிறான். அருகில் நிற்பவருக்கு அவ்வுருவம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்காது. பீமன் வேடமிட்டவர் அதன் தொடையில் அடிக்கிறார். திரௌபதி கூந்தல் முடிகிறாள். பிறகு அந்த மண் மறுபடி வெறும் மண். திரௌபதி வழிபாட்டை 1988 இலும் 1991 இலும் இரண்டு தொகுதிகளாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபெய்டல், இச்சடங்குகளின் பொருளடர்த்தியை விரிவாகக் காட்டினார். கங்கம்மாவின் முகமும் துரியோதனனின் உடலும் அழிவதற்கென்றே செய்யப்படுபவை. நிலைக்கக் கூடாத ஆற்றலை நிலைக்காத பொருளில் வார்ப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது மெருகின் ஒழுங்கு அல்ல.

5. யாருக்கு அச்சம்?

இதுவரை 'பார்ப்பவர்' என்று ஒருமையில் சொல்லப்பட்டது. திருப்பதியின் பதிவுகள் அந்த ஒருமையைக் கலைக்கின்றன. 1990களில் இந்த ஜாத்திரையை ஆராய்ந்த டான் ஹாண்டல்மன், வேடங்களின் வரிசையை ஆணின் உருமாற்றமாகப் படித்தார். ஜாய்ஸ் ஃபிளூக்கிகர் நெடுநாள் களப்பணிக்குப் பின் 2013 இல் வெளியிட்ட நூலின் தலைப்பே உலகம் பெண்ணாகும் தருணத்தைச் சொல்வது. கங்கம்மாவின் உக்கிரம் ஆண்களை அச்சுறுத்துகிறது. பெண் வேடம் பூணுவது அவள் முன்னே நிற்பதற்கான வழி என்று அவர் காட்டினார். பெண்களோ அவளிடம் அவ்வாறு அஞ்சவில்லை. அவர்கள் பொங்கலிட்டு, கூழ் வார்த்து, அவள் வெம்மையைத் தணிக்கின்றனர். அந்த ஆற்றல் தங்களிடமும் உள்ளதே என்பது அவர்கள் நிலை.

இது வடிவமைப்புக் கோட்பாட்டுக்கும் முக்கியமான திருத்தம். செப்பமின்மையின் அச்சம் உருவத்தில் மட்டும் தங்குவதில்லை. உருவத்துக்கும் பார்ப்பவருக்கும் உள்ள உறவில் தங்குகிறது. ஒழுங்கின் உறுதிமொழியை நம்பி வாழ்பவருக்கே அது இல்லாத இடம் நடுக்கம் தருகிறது. அந்த ஒழுங்கிலிருந்து பெரிதாக எதையும் பெறாதவர் அதே முகத்தைச் சொந்தமாகக் காண இயலும். பாளேகாடு அஞ்சி ஓடிய அதே வடிவத்தை, அவனிடம் துன்புற்ற பெண்கள் காவலாகக் கண்டிருப்பர் என்பதைக் கதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை.

6. மெருகு வரும்போது

கங்கம்மா திருமலைப் பெருமாளின் தங்கை என்பது ஊர் வழக்கு. ஜாத்திரைக்கு மலையிலிருந்து சீர் வருகிறது. மெருகின் உலகமும் மண்ணின் உலகமும் இவ்வாறு உறவு கொண்டாடியே வாழ்ந்துள்ளன. ஆனால் உறவு வேறு, உள்வாங்கல் வேறு. தாத்தய்யகுண்ட கோயிலில் முன்பு முதலியார் குடும்பத்துப் பெண்கள் பூசை செய்து வந்ததையும், அரசு நிர்வாகத்தின் கீழ் அவ்விடத்துக்குப் பிராமண அர்ச்சகர்கள் வந்ததையும் ஃபிளூக்கிகரின் ஆய்வு பதிவு செய்கிறது. அண்மை ஆண்டுகளில் கோயிலும் புதுப்பித்துக் கட்டப்பட்டது. வழிபடுவோர் வசதிக்கும் கோயிலின் மதிப்புக்கும் இவை தேவையென்று கருதுவோரின் நியாயத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு செப்பனிடலும் ஒரு கையை அகற்றுகிறது. யாருடைய கை அது என்பதை வரலாறு குறித்து வைக்க வேண்டும்.

'சைலண்ட் ஹில்' உயர்தெளிவுப் பதிப்பு கற்பித்ததும் இதுவே. பனியைக் குறையென்று எண்ணி மெலியவிட்டால், அது எதைத் தாங்கி நின்றது என்பது விலகிய பிறகுதான் தெரியும். விளையாட்டில் ஆட்டக்காரர் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகலாம். ஊர்ச் சடங்குக்குப் பழைய பதிப்பு கிடையாது. கைகள் மாறினால் மாறியதுதான்.

இப்போதைக்கு அந்த மண்முகம் ஆண்டுதோறும் எழுகிறது. ஓர் இரவில் எழுந்து, விடியலில் கன்னம் அறுபட்டு, பிடி பிடியாகப் பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. நேற்றிரவு நிமிர்ந்து பார்க்க அஞ்சிய முகத்தின் ஒரு துண்டு, மறுநாள் முந்தானையில் முடியப்பட்டிருக்கிறது. அருங்காட்சியகத்தில் வைப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. அது மிஞ்சாமல் போவதையும் சேர்த்தே ஆய்வாளர் எழுத வேண்டும்.